மற்றுமுள்ள அனைவரும்

வழக்கு என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒருவர் போடுவார், இன்னொருவர் மறுப்பார், நடுவில் வக்கீல்கள் வாய்தா வாங்குவார்கள். போட்டவருக்கு, வழக்குப் போட்டிருக்கிறோம் என்பதாவது தெரிந்திருக்கும். எனக்கு அதுகூடத் தெரியாது. என் கிணற்றுக்காக நான் கோர்ட்டில் நிற்கிறேன் என்று ஊர் கேட்கத் தண்டோரா போட்டார்கள். அப்படியும் எனக்குப் புரியவில்லை.

அன்றைக்குக் காலையில் கத்திரிக் கொல்லையில் இருந்தேன். வேலை செய்துகொண்டிருந்தேன் என்று சொன்னால் பொய். இலை ஓரமெல்லாம் பொசுங்கிப்போன செடிகளைப் பார்த்து ஆத்திரத்தில் அழுதுகொண்டிருந்தேன். எங்கள் ஊர் கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. கரியாலூர்ப் பக்கமிருந்து குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி ஏற்றிக்கொண்டு இறங்கும் லாரிகள் முன்பெல்லாம் எங்கள் ஊரைத் தாண்டிப் போய்விடும். ஊருக்கு மேலே ஒரு ஜவ்வரிசி மில் வந்த பிறகு பாதி லாரி அங்கேயே நின்றது. கிழங்கைக் கழுவி அரைத்த தண்ணீரை மில்லுக்காரர்கள் ஓடையில் விட்டார்கள். ஓடை ஊரைச் சுற்றிக்கொண்டு, எல்லார் கொல்லையையும் தொட்டுவிட்டு, கடைசியில் என் முக்கால் காணிக்கு வந்து சேரும்.

என் கிணற்றில் வெள்ளையாக நுரை கட்டி நின்றது. வாளியைத் தூக்கினால் புளித்த கஞ்சி வாடை அடிக்கும். பசுமாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். என் வீட்டுக்காரர் வேடியப்பன் போகும்போது எனக்கு விட்டுப்போனது அந்தக் கிணறு ஒன்றுதான். நிலம் என்று சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. கிணறு இல்லாவிட்டால் அந்த நிலத்தில் கல்லைத் தவிர ஒன்றும் விளையாது. ஒரே மகளையும் தியாகதுருகத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. எனக்கு என்று இருந்தது அந்தத் தண்ணீர்.

தண்டோரா சத்தம் கேட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். சடையண்ணன் அடித்து நிறுத்த, பக்கத்தில் நின்ற கோர்ட்டு அமீனா கையில் இருந்த தாளைப் படித்தார். ஜவ்வரிசி மில் ஓடையில் கழிவுத் தண்ணீர் விடக்கூடாது என்று கள்ளக்குறிச்சி முன்சீப் கோர்ட்டில் வழக்கு. போட்டவர்கள் பச்சமுத்து, வீரமுத்து. அவர்கள் தங்களுக்காகவும், ஓடையை ஒட்டிக் கிணறு உள்ள மற்றுமுள்ள அனைவருக்காகவும் போட்டிருக்கிறார்கள். அந்த மற்றுமுள்ள அனைவரில் யாருக்காவது தானும் சேர வேண்டும் என்றாலோ, ஏதாவது சொல்ல வேண்டும் என்றாலோ இன்ன தேதியில் கோர்ட்டுக்கு வரலாம். படித்து முடித்துவிட்டு அமீனா டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நேரே பச்சமுத்து மாமா வீட்டுக்குப் போனேன். அவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன், ஊரில் முன்னே நின்று பேசுகிறவர். வாசலில் வேப்பங்குச்சியோடு நின்றிருந்தார்.

"மாமா, அந்த மத்த எல்லாரும்ல நானும் உண்டுதானே?" என்று கேட்டேன்.

"ஒனுக்கு எதுக்கு ஆண்டாளு இந்த வம்பு?" என்றார். "தலைக்கட்டுக் கணக்கு பாத்துதான் வழக்கு போட்டிருக்கோம். செலவுக்கு தலைக்கட்டுக்கு இவ்ளோன்னு வரி வாங்கனோம். ஒன்கிட்ட வந்து கேட்டமா?"

"இல்ல."

"அப்போ நீ இல்ல."

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எந்தப் பொதுக் காரியமும் தலைக்கட்டுக் கணக்கில்தான் நடக்கும். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. திருவிழா வரி தலைக்கட்டுக்குத்தான், ஏரியில் மீன் பிடித்தால் பங்கும் தலைக்கட்டுக்குத்தான். ஆள் செத்தால் தலைக்கட்டும் அவனோடு போகும். வேடியப்பன் செத்த வருஷம் திருவிழா வரிக்கு வந்தவர்கள் என் வாசலில் நின்று, "ஒனுக்கு வேணாம் ஆண்டாளு, நீ இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எவ்வளவு இரக்கம் என்று கண் கலங்கி நின்றேன். ஏரி மீனைப் பங்கு வைத்த அன்றைக்குத்தான் அந்த இரக்கம் என்ன என்று தெரிந்தது. கூடையை எடுத்துக்கொண்டு போனவள் வெறும் கூடையோடு திரும்பி வந்தேன்.

சரி, ஊர் வழக்கில் நான் இல்லை. என் கிணற்றுக்கு நானே பேசிக்கொள்ள வேண்டியதுதான் என்று மில்லுக்கே போனேன். கேட்டில் காவல்காரன் உள்ளே விடவில்லை. நான் போட்ட சத்தத்தில் மேனேஜர் அரங்கநாதன் தானே வெளியே வந்தார். சட்டைப் பையில் ரெண்டு பேனா, நல்ல மரியாதையான ஆள்.

"என் கெணறு நாறுதுங்க. இந்தத் தண்ணிய வேற எங்கனா வுடுங்க."

"நீங்கதான் கேஸ் போட்டிருக்கீங்களேம்மா. கோர்ட்ல பாத்துக்கலாம்."

"நான் எங்க போட்டேன்? ஊர்ல போட்டாங்க. அதுல நான் இல்ல."

"எல்லாருக்காகவும்னுதானே போட்டிருக்காங்க? அப்போ நீங்களும்தான். கேஸ் நடக்கறப்போ நான் தனியா உங்ககிட்ட பேசக் கூடாது" என்று கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஊர் நான் இல்லை என்கிறது, எதிரி நான் இருக்கிறேன் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? எனக்கென்று தனியாக ஒரு வழக்குப் போட்டுவிடுவது என்று பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் போனேன். அங்கே காசில்லாதவர்களுக்கு இலவசமாக வக்கீல் தருகிறார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த அறையில் தங்கமணி என்கிற அம்மாள் இருந்தார். கறுப்புக் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுத் தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கப் போனவரை உட்காரச் சொல்லிவிட்டு நான் நின்றபடியே என் கதையைச் சொன்னேன்.

"உங்க ஊருக்கு ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கேம்மா" என்றார்.

"அது ஊருக்குங்க. எனுக்கு இல்ல."

"நீங்க அந்த ஊர்ல இல்லையா?"

"இருக்கறங்க. ஆனா தலைக்கட்டு இல்லீங்க."

அவருக்கு அது விளங்கவில்லை. வரியிலிருந்து வெறும் கூடை வரைக்கும் சொன்னேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டார்.

"சட்டத்துல தலைக்கட்டு கிடையாதும்மா. ஒரே குறை நிறைய பேருக்கு இருக்குன்னு வைங்க. எல்லாரும் தனித்தனியா வந்தா ஒரே விஷயத்தைக் கோர்ட்டு எத்தனை தடவை விசாரிக்கும்? அதனால அந்தக் கூட்டத்துல ஒருத்தரோ ரெண்டு பேரோ கோர்ட்டுல அனுமதி வாங்கிட்டு எல்லாருக்கும் சேர்த்து நடத்தலாம். மத்தவங்களுக்குத் தெரியணுமேன்னுதான் தண்டோரா. உங்க கிணறு ஓடையை ஒட்டி இருக்கா?"

"ஆமாங்க."

"அப்போ நீங்க உள்ளதான் இருக்கீங்க."

"நான் கையெழுத்து போடலியே."

"வேணாம்."

"வரி குடுக்கலியே."

"கோர்ட்டுக்கு அது தேவையே இல்ல."

"அப்போ அவங்க ஜெயிச்சா?"

"நீங்களும் ஜெயிச்ச மாதிரி."

"தோத்தா?"

"நீங்களும் தோத்த மாதிரி. அப்புறம் அதே குறைக்கு நீங்க தனியா வந்து நிக்க முடியாது."

"நான் வூட்லயே குந்திகினு இருந்தாகூட தோத்துடுவனா?"

"அப்படித்தாம்மா" என்று அவர் சிரிக்காமல் சொன்னார்.

மீனில் பங்கு இல்லை, தோல்வியில் மட்டும் பங்கு உண்டு. இது என்ன நியாயம் என்று அவரிடமே கத்தினேன். அவர் கோபப்படவில்லை. பயமாக இருந்தால் நீங்களும் பேர் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு மனு போட்டால் போதும் என்றார். எனக்கு அப்போது ரோஷம். அழைக்காத பந்தியில் இலை போட்டு உட்காருவதா என்று நினைத்தேன். யோசித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஊருக்கு வந்து பச்சமுத்து மாமாவிடம் வக்கீல் சொன்னதைச் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"வக்கீலுங்க ஆயிரம் சொல்வாங்க. தலைக்கட்டு இல்லாம ஊர் ஏது?"

ஒரு மழைக்காலம் வந்து போனது. வழக்குப் பேரைச் சொல்லி ரெண்டு பேரும் கள்ளக்குறிச்சிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். நான் கத்திரியை விட்டுவிட்டுச் சோளம் போட்டேன், அது முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. பசுவை விற்றேன். சினைமாடு, விற்க மனசே இல்லை. தண்ணீர் காட்ட வழியில்லாதபோது வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிறகு ஒருநாள் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். மில்லுக்காரர் இறங்கி வந்துவிட்டாராம். மேட்டில் இருக்கும் அவர் போர்வெல்லிலிருந்து ஊருக்குள் பைப் போட்டு ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு குழாய் கொடுப்பார், கோயிலுக்குத் தளம் போட்டுத் தருவார். ஊர் வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் சந்தோஷம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாதிப் பேர் நிலத்தை மில்லுக்கே கிழங்கு போடக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள், மீதிப் பேர் வீட்டில் யாராவது அங்கே வேலைக்குப் போனார்கள். பச்சமுத்து மாமாவின் லாரிக்கும் அங்கேதான் ஓட்டம். குடிக்க நல்ல தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்தால் போதும் அவர்களுக்கு.

பெண்கள் நிற்கும் பக்கமிருந்து நான் கேட்டேன். "என் கெணறு?"

"நீயும் எங்க குழாயில வந்து ஒரு கொடம் புடிச்சிகினு போ. யாரு வேணாம்னது?" என்றார் மாமா.

"தாகம் எனுக்கு இல்ல மாமா, கொல்லைக்கு."

சிரித்தார்கள். மாமாவின் சம்சாரம் செவ்வந்தி அக்கா மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரே கிளம்பிப் போய் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். திரும்பி வந்தவர்கள் முகமெல்லாம் குழம்பிக் கிடந்தது. போட்டவர்களே எடுக்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டாராம். எல்லாருக்காகவும் போட்டதால் எடுப்பதையும் எல்லாருக்கும் சொல்ல வேண்டுமாம், அந்தச் செலவும் போட்டவர்களுடையதாம். மறுபடியும் அமீனா வந்தார், மறுபடியும் சடையண்ணன் அடித்தார்.

"நாம கட்டன மாட்ட நாம அவுக்கறதுக்கு மோளம் எதுக்குய்யா?" என்று டீக்கடையில் வீரமுத்து அமீனாவையே கேட்டார். அமீனாவுக்கும் தெரியவில்லை.

பச்சமுத்து மாமா அதற்கும் வழி கண்டுபிடித்தார். எல்லாருக்கும் சம்மதம் என்று காட்டிவிட்டால் போயிற்று. தலைக்கட்டு ஒன்றுக்கு ஒரு கையெழுத்து, ஒரு வீடு விடாமல் வாங்கினார். என் வீட்டைத் தாண்டித்தான் போனார்கள். என்னைக் கேட்காமல் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏமாற்றியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதே அவர்கள் நினைப்பில் இல்லை.

அதுதான் என்னைக் கிளப்பியது. முதல் பஸ்ஸில் தங்கமணி அம்மாவிடம் போய், "அந்த மனு போடுங்க" என்றேன்.

வாய்தா அன்றைக்குக் கோர்ட்டில் எங்கள் ஊர் ஆண்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். வழக்கைக் கூப்பிட்டார்கள். ஊர் வக்கீல் எழுந்து, ஊர் மக்கள் அனைவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றார். தங்கமணி அம்மா எழுந்து, அனைவரும் இல்லை, என் கட்சிக்காரர் ஆட்சேபிக்கிறார் என்று சொல்லி என்னைக் கை காட்டினார். நீதிபதி என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

பேரைச் சொல்லியிருக்கலாம். பயத்தில் வாயில் வந்தது வேறு. "அய்யா, தண்டோராவுல மத்த எல்லாரும்னு சொன்னாங்களே, அது நாந்தாங்க."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் கொஞ்சம் சிரித்தார். பச்சமுத்து மாமாவால் பொறுக்க முடியவில்லை. வக்கீலைத் தாண்டி முன்னே வந்தார்.

"அய்யா, அது கணக்குல இல்லீங்க. தலைக்கட்டு எல்லாம் சம்மதம் குடுத்தாச்சிங்க."

"கணக்குல இல்லைன்னா?"

மாமா கையைக் கட்டிக்கொண்டு முறையை விளக்கினார். கல்யாணமான ஆண், வரி, பங்கு, செத்தால் நீங்குவது. நல்ல மனுஷன், ஒளித்து மறைத்துச் சொல்லத் தெரியாது. மீன் வரைக்கும் சொன்னார். நீதிபதி முழுதும் கேட்டுக்கொண்டார்.

"இந்த அம்மா கிணத்துல தண்ணி கெட்டிருக்கா, இல்லையா?"

மாமா என்னைப் பார்த்தார். "கெட்டிருக்குதுங்க."

"அப்போ இவங்க இந்த வழக்குல உண்டு. உங்க கிணத்தை வேணும்னா நீங்க சும்மா விட்டுட்டுப் போகலாம். இவங்க கிணத்தையும் சேர்த்து விட்டுக்கொடுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?"

வாபஸ் இல்லை என்று ஆகிவிட்டது. மாமாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. அப்படியானால் எங்களால் இனிமேல் வழக்கு நடத்த முடியாது, ஆளை விடுங்கள் என்று படபடவென்று சொன்னார். நடத்துகிறவர் நடத்தாவிட்டால் வழக்கு செத்துவிடாது, அதே குறை உள்ள வேறு ஒருவரை அந்த இடத்தில் போடலாம் என்று நீதிபதி சொன்னார். தங்கமணி அம்மா அதையும் மனுவில் எழுதியிருந்தார். எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார், நான்தான் கிணறு என்கிற சொல்லைத் தவிர வேறெதையும் காதில் வாங்கவில்லை.

வெளியே வந்ததும் படியில் நிறுத்திக் கேட்டேன். "இப்போ இன்னா ஆச்சிங்க?"

"இனிமே வழக்கு உங்க பேர்ல நடக்கும்."

"மாமாவும் வீரமுத்துவும்?"

"அவங்க மத்த எல்லாரும்ல சேர்ந்துட்டாங்க."

"அப்போ அவங்களுக்கும் சேத்து நானா?"

"நீங்கதான்."

பஸ்ஸில் உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள். ஊர் வரும் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

தெருமுனையில் இறக்கி வைத்திருந்த பைப்புகளை மில் லாரி வந்து திரும்ப ஏற்றிக்கொண்டு போனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்கள் என்னையும் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டினால் நானும் திட்டியிருப்பேன், தெரிந்த வேலைதானே. நான் கைப்பம்புக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். செவ்வந்தி அக்காகூடக் குடத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் போனாள். எந்த ஊருக்காக வழக்கு நடத்துகிறேனோ அந்த ஊரில் எனக்கு ஒரு கைப்பிடி உப்பு கொடுக்க ஆள் இல்லை.

கோர்ட்டிலிருந்து ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பப் போகிறார்கள், அவர் கிணறுகளை நேரில் பார்த்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவார் என்று தகவல் வந்தது. அதற்கு முந்தைய வாரம் மேனேஜர் அரங்கநாதன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என் கொல்லைக்கு நடந்தே வந்தார்.

"அன்னிக்கி எங்கிட்ட பேசக் கூடாதுன்னீங்களே" என்றேன்.

"இன்னிக்கி நான் வரவே இல்லம்மா" என்று சொல்லி வரப்பில் உட்கார்ந்தார். "உங்க கொல்லையில ஒரு போர்வெல் போட்டுத் தந்துடறோம். ஆழமா, மோட்டாரோட. வாபஸ் எல்லாம் வேணாம், அதுக்குத் தண்டோரா போடணும். கமிஷனர் வரப்போ உங்க கிணத்தை மட்டும் காட்டுங்க. மத்த கிணறெல்லாம் நல்லா இருக்குன்னு கிணத்துக்காரங்களே சொல்லிடுவாங்க. ஒரே ஒரு கிணறுதான் கெட்டுது, அதுக்கும் வழி பண்ணிட்டோம்னா கேஸ் தானா முடிஞ்சிடும். நீங்க பொய்யே சொல்ல வேணாம். சும்மா இருந்தா போதும்."

ஆசையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு ஆசையாக இருந்தது. குழாயில் பளிச்சென்று தண்ணீர் வந்து வாய்க்காலில் விழுவதும், கத்திரி மறுபடி பூப்பதும் அந்த வரப்பிலேயே கண்ணில் தெரிந்தது. நான் கேட்டதே அதுதானே? என் கிணறு, என் கொல்லை. ஊரா எனக்குச் சோறு போட்டது? பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டு மறுநாள் தங்கமணி அம்மாவிடம் போனேன். மேனேஜர் வந்ததைச் சொல்லவில்லை. பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"எங்கெணத்த மட்டும் காட்டனா தப்புங்களா?"

"முன்னாடி நீங்க உங்களுக்காக மட்டும் பேசியிருக்கலாம்மா. இப்போ நீங்க பேசினா ஊரே பேசினதா ஆகும். நீங்க பேசாம இருந்தாலும் அப்படித்தான்."

பச்சமுத்து மாமா எனக்குச் செய்ததை நான் எல்லாருக்கும் செய்யலாம். அவராவது தெரியாமல் செய்தார். எனக்கு இப்போது சட்டம் தெரிந்துபோயிற்று. தெரிந்ததில் என்ன லாபம் என்று அந்த அம்மாள் மேலேயே எரிச்சல் வந்தது. திரும்பி வரும்போது என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கமிஷனர் வருகிற காலை வரைக்கும் தெரியவில்லை.

கமிஷனர் இளவயசு வக்கீல். கண்ணாடிப் பாட்டில்களை ஒரு பையில் தூக்கிக்கொண்டு வந்தார். ஓடை வரும் வழியிலேயே மேலிருந்து கீழே பார்த்து வரலாம் என்றார். மேலே முதல் கிணறு பச்சமுத்து மாமாவுடையது, கடைசிக் கிணறு என்னுடையது. மேனேஜர் என் பக்கத்திலேயே நடந்து வந்தார். ஊர் ஆண்கள் பின்னால் வந்தார்கள்.

மாமா கிணற்றின் மேல் தென்னங்கீற்றுகளைப் போட்டு மூடியிருந்தார். முன்னே நின்றுகொண்டு, "நம்ம கெணத்துல ஒரு கொறையும் இல்லீங்க, சார். நீங்க கீழ போங்க" என்றார்.

கமிஷனர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கதானே வாதி? இந்தக் கிணறு பத்தி ஏதாவது சொல்லணுமா?"

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். நான் ஒரு அடி எடுத்து வைத்து வரப்பில் நடக்க ஆரம்பித்தால் போதும், எல்லாரும் கீழே போய்விடுவார்கள். மாமாவுக்கும் அதுதான் வேண்டும், மேனேஜருக்கும் அதுதான், எனக்கும் அதுதான். இப்படி எல்லாரும் ஒன்றாகச் சம்மதிப்பது எங்கள் ஊரில் திருவிழாவுக்குக்கூட நடந்ததில்லை. ஆனால் கால் நகரவில்லை. கீற்று இடுக்கில் அதே வாடை வந்தது, என் கிணற்றின் வாடை. மாமா மேல் எனக்கு இரக்கம் எல்லாம் வரவில்லை. வயிறு எரிந்தது. என்னைக் கேட்காமல் என் கிணற்றை விட்டுக்கொடுக்கப் போனவர் இவர். இவரைக் கேட்காமல் இவர் கிணற்றை மீட்டுக் கொடுத்தால் என்ன? அதைவிட இவரை நான் வேறு எப்படிப் பழி வாங்க முடியும்?

"பாக்கணுங்க" என்றேன். "இதுவும் நாறுதுங்க."

"ஆண்டாளு!" என்று மாமா அதட்டினார்.

அதற்குள் செவ்வந்தி அக்கா கிணற்றை ஒட்டியிருந்த வீட்டுக்குள்ளிருந்து வாளியும் கயிறுமாக வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கீற்றுகளைக் காலால் தள்ளிவிட்டு வாளியை இறக்கினாள். மேலே வந்த வாளியில் நுரை தளும்பியது. கமிஷனர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாட்டிலில் பிடித்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"கிணத்துக்காரர் குறை இல்லைங்கிறார். யார் சொன்னதா எழுதறது?"

செவ்வந்தி அக்கா வாயைத் திறந்தாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"எம்பேர எழுதிக்கங்க" என்றேன்.

"இது உங்க கிணறு இல்லையேம்மா."

"கோர்ட்டுல என்னுதுதாங்க."

அவர் எழுதிக்கொண்டார். மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். மேனேஜர் திரும்பி நடந்தார். தெருவில் மோட்டார் சைக்கிள் கிளம்பிய சத்தம் கேட்டது. என் போர்வெல் போகிறது என்று தெரிந்தது. இந்த வருஷமும் கொல்லை காயும், அடுத்த வருஷமும் காயலாம், தீர்ப்பு என்றைக்கு வருமோ, வந்தாலும் யார் பக்கமோ. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு கமிஷனருக்கு முன்னால் வரப்பில் இறங்கி நடந்தேன்.

பின்னால் வாளி இடிக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். செவ்வந்தி அக்கா கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"அடுத்தது யாருதுடி?" என்று கேட்டாள்.

"வீரமுத்துது" என்றேன். "அது ஆழம் ஜாஸ்தி. கயிறு எட்டுமாக்கா?"